பட்டாளத்துக்காரர் சம்பளத்தில் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை: மனு எங்கே மாட்டிக்கொள்கிறது

"மிலிட்டரிக்காரன் சம்பளத்துல ஒருத்தரும் கை வைக்க முடியாதுங்க" என்று சொல்லியே பவானி, கோபி பக்கம் எத்தனையோ பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனார் சொல்கிறார், ஸ்டேஷனில் சொல்கிறார்கள், சில வக்கீல்களும் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ராணுவச் சட்டம் 28-ஆம் பிரிவுப்படி சிவில் கோர்ட் அந்தச் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது, சரி. ஆனால் அதே சட்டத்தின் 90, 91 பிரிவுகளில், கைவிடப்பட்ட மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம்பளத்திலிருந்து ராணுவமே பிடித்துக் கொடுக்க இடம் இருக்கிறது. மனைவிக்கு 22 சதவீதம் வரை, பிள்ளைக்குத் தலா 5.5, எல்லாம் சேர்த்து 33-ஐத் தாண்டாது. இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டாம், கோர்ட் ஆர்டரும் வேண்டாம்.

வேண்டியது ஒன்றுதான், மனு சரியான இடத்துக்குப் போகணும். அங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால், மனு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் கடிதம் எழுதி மேலே அனுப்பலாம், உதவியும் செய்வார்கள், ஆனால் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. "அனுப்பியாச்சும்மா" என்று ஒரு துண்டுச்சீட்டு கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் கணவருடைய யூனிட் கமாண்டிங் ஆபீசருக்கு நீங்களே பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நகல் ஒன்று. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் ரெக்கார்ட்ஸ் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். யூனிட் இடம் மாறிவிட்டால் தபால் திரும்பி வந்துவிடும், அதனால் ரெக்கார்ட்ஸ் நகலை மட்டும் விட்டுவிடாதீர்கள். கமாண்டிங் ஆபீசர் அவரிடம் விளக்கம் கேட்பார், பரிந்துரை மேலே கமாண்ட் தலைமையகம் வரைக்கும் போகும். ஆர்டர் அங்கிருந்துதான் வரவேண்டும், அதனால் தபால் ரசீது, பதில் கடிதம் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்து, அடுத்தடுத்த கடிதத்தில் அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

மனுவில் அவருடைய ஆர்மி நம்பர் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது. வீட்டை விட்டு வெளியே வரும்போது நகையை எடுக்கிறோம், காகிதத்தை எடுப்பதில்லை. கேன்டீன் கார்டு, டிபெண்டன்ட் கார்டு, பழைய சம்பளச் சீட்டு, எது கையில் இருந்தாலும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். கல்யாணத்தையும் பிள்ளை பிறந்ததையும் அவர் பார்ட் டூ ஆர்டரில், அதாவது ராணுவத்தின் குடும்ப விவரப் பதிவில், ஏற்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஏற்றவில்லை என்றால் ராணுவக் கணக்கில் அவர் இன்னும் கல்யாணமாகாதவர், நீங்கள் யாரோ. கல்யாணப் பதிவுச் சான்றை மனுவோடு வைத்து, பதிவில் சேர்க்கச் சொல்லிச் சேர்த்தே கேளுங்கள்.

கோபத்தில் "அவரை வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எழுதாதீர்கள். பராமரிப்பு மனு அப்புறம் ஒழுங்கு நடவடிக்கைப் புகாராகிவிடும், அவர் வேலை போனால் பிடிப்பதற்குச் சம்பளமும் இருக்காது. பணம் மட்டும் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து அனுப்பவில்லை, பிள்ளை படிப்புச் செலவு எவ்வளவு, உங்களுக்கு வருமானம் உண்டா இல்லையா.

எனக்கு மிகவும் வயிறெரிவது ஊர்ப் பஞ்சாயத்து முத்திரைத்தாள்தான். பெரியவர்கள் உட்கார்ந்து, "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அது விவாகரத்து ஆகாது. ஆனால் ஜீவனாம்சச் சட்டத்திலேயே, மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்குத் தொகை கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் காட்டுவார். யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள் கண்ணு.

ராணுவத்துக்கு மனு போட்ட கையோடு கோர்ட்டிலும் போடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. அவர் காஷ்மீரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது, அதனால் ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்கள் காசு. குடும்ப வன்முறைச் சட்டத்தில் போட்டால், சம்பளம் தருகிறவரே நேராக மனைவிக்குக் கட்டும்படி உத்தரவிட 20-ஆம் பிரிவில் வழி உண்டு. அதைப் பிரேயரில், அதாவது மனுவின் கோரிக்கைப் பகுதியில், சேர்த்தாரா என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, 15100-க்கு போன் செய்தாலும் போதும். ஆர்டர் வாங்கியும் அவர் கட்டவில்லை என்றால், பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும், தவறினால் அந்த மாதங்களின் பணத்தை இந்த வழியில் வசூலிக்க முடியாது.

ராணுவம் பிடித்துக் கொடுப்பது சம்பளம் ஓடும்வரைதான். சிப்பாய்கள் நாற்பது வயதை ஒட்டியே பென்ஷனில் வந்துவிடுகிறார்கள், அன்றோடு அது நின்றுவிடும். அதற்கு முன்னால் கோர்ட் ஆர்டர் கையில் இருக்க வேண்டும். குடும்ப பென்ஷனுக்குச் சட்டப்படி மனைவியாக இருப்பவருக்கே உரிமை, விவாகரத்தானவருக்கு இல்லை. பரஸ்பர விவாகரத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்றால், தருவதாகச் சொல்லும் மொத்தத் தொகையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.