பிள்ளையின் தட்டை விடுங்கள், உங்கள் தட்டில் காய் எவ்வளவு?

"மேடம், இவன் காயைத் தொடவே மாட்டேங்கறானுங்க" என்று ஒன்பது பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரிடம், பையனைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "நேற்று ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் என்ன சாப்பிட்டீர்கள்?"

கோயம்புத்தூரில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன், இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பா வேலை முடிந்து வர ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும், வழியிலேயே டீயும் பஜ்ஜியும் ஆகியிருக்கும், வீட்டுக்கு வந்து நாலு தோசை, தேங்காய்ச் சட்னி. அம்மா, பையன் மிச்சம் வைத்த தோசையையும் மத்தியானக் குழம்பு ஊற்றிக் கொஞ்சம் சோற்றையும் நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பார். காய்? காலையில் செய்த பீன்ஸ் பொரியல் டிபன் பாக்ஸில் போனது, பாதி அப்படியே திரும்பி வந்தது, "வீணாக்க வேண்டாமே" என்று அந்தப் பாதியை அம்மா சாப்பிட்டார். அந்த வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்குச் சாப்பிட்ட காய் அவ்வளவுதான். அப்புறம் எப்படிப் பையன் சாப்பிடுவான்?

பிள்ளைக்கு எப்படிக் காய் ஊட்டுவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் எப்படிச் சாப்பிட வைப்பது, நடக்க வைப்பது என்பதைப் பற்றி. அது நடந்துவிட்டால் பிள்ளையின் பிரச்சினையில் பாதி தானாகவே தீர்ந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நம் நிலைமை கவலைப்பட வேண்டியதுதான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. எடையும் கூடுதல், ரத்தமும் குறைவு என்றால் வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டியது சேரவில்லை என்று அர்த்தம். சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் சொன்னது. அந்த வாசலில் நிற்பவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். முப்பத்தைந்து, நாற்பது வயது, சின்னப் பிள்ளைகள், வீட்டுக் கடன், "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்ற நினைப்பு.

சரி, எவ்வளவு காய் வேண்டும்? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி கோதுமை சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், அரிசியைவிடக் காய் அதிகம். நம் வீட்டுத் தட்டு இதற்கு நேர் தலைகீழ்: நடுவில் சோறு, ஓரத்தில் ஊறுகாய் மாதிரி ஒரு கரண்டிப் பொரியல், சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு.

அதனால் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் போன வாரக் காய்கறிப் பையைப் பற்றி விலாவாரியாகக் கேட்பேன். என்ன வாங்கினீர்கள், எத்தனை கிலோ? ஒரு தம்பதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெரிய வெங்காயம் இரண்டு கிலோ, தக்காளி இரண்டு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பீன்ஸ் கால், கேரட் கால், கத்தரிக்காய் அரை, ஒரு கட்டுக் கீரை. பையைத் தூக்கினால் கனமாகத்தான் இருக்கும். ஆனால் வெங்காயமும் தக்காளியும் குழம்புக்கும் சட்னிக்கும் தாளிப்பாகப் போய்விடுகின்றன, உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது சோற்றின் கூட்டாளி. மிச்சம் இருப்பது ஒரு கிலோவும் ஒரு கட்டுக் கீரையும், நாலு பேருக்கு, ஏழு நாளைக்கு. பெரியவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே வாரத்துக்கு ஐந்தரைக் கிலோ காய் வேண்டும், ஒன்றரைக் கிலோ பழம் வேண்டும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அந்தக் கணவர் சொன்னார், "மேடம், இத்தனை நாளா நாங்க நல்லாக் காய் சாப்பிடறோம்னு நினைச்சுட்டிருந்தோமுங்க." அவர் பொய் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விலை அதிகம் என்பார்கள். சில காய்கள் சில மாதங்களில் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீலகிரிக் கேரட்டும் முட்டைக்கோசும், தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் காய்களும் வந்து இறங்கும் ஊரில் இருக்கிறோம். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், வெள்ளரி, முள்ளங்கி எல்லாம் அநேகமாக எப்போதும் கைக்கு அடக்கமான விலைதான். பழத்துக்கு கிவியும் வெளிநாட்டு ஆப்பிளும் வேண்டாம். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு, நெல்லிக்காய் அதற்கும் மேலே. சாப்பாட்டோடு இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி சேராமலே போய்விடும். ரத்தசோகை உள்ள அம்மாக்கள் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துக் குடித்தால் போதும்.

நான் பார்த்தவரை உண்மையான தடை விலை இல்லை, வேலை. அவரைக்காய்க்கு நார் எடுக்க வேண்டும், கீரை ஆய வேண்டும், வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலும் நரம்பைக் கிள்ள வேண்டும், பீன்ஸைப் பொடியாக நறுக்க வேண்டும். காலை ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய ஒருவர் இதை எல்லாம் தனியாகச் செய்வார் என்று எதிர்பார்த்தால், அந்த வீட்டில் வாரத்தில் மூன்று நாள் உருளைக்கிழங்கு வறுவல்தான். "காய் நிறையச் செய்" என்று மனைவியிடம் சொல்வது ஊக்கம் இல்லை, அது இன்னொரு வேலை. ராத்திரி டிவி பார்க்கும்போது ஒரு தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவர் கீரை ஆய்ந்து கொடுத்தால் அதுதான் ஊக்கம். ஆய்ந்த கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கழுவி நறுக்கினால் போதும். பீன்ஸையும் அவரையையும் இரண்டு நாளைக்குச் சேர்த்து நறுக்கி டப்பாவில் போட்டு வைக்கலாம், கொஞ்சம் சத்துப் போகும்தான், ஆனால் நறுக்காமல் வாடிக் குப்பைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். கணவர்கள் கத்தியை எடுத்த வீடுகளில் காயின் அளவு கூடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்னொன்றும் நடக்கிறது, தான் நறுக்கிய காயை ஆள் மிச்சம் வைப்பதில்லை.

அடுத்து, பேச்சு. கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் மனைவி போலீஸாகிவிடுகிறார். "உங்களுக்குத்தான் சுகர் இருக்கில்ல, எதுக்கு இன்னொரு கரண்டி சோறு?" என்று மாமனார் மாமியார் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் கேட்கிறார். அக்கறைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் குறைந்த சோறு வெளியில் பரோட்டாவாகத் திரும்பி வருவதை ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுத்துவிடும். கணவர்களும் சளைத்தவர்கள் இல்லை, "நீ முதல்ல உன் உடம்பைக் குறை" என்று ஒரே வரியில் மனைவியை வாயடைக்க வைப்பார்கள். அதற்குப் பதில், இரண்டு தட்டிலும் முதலில் காயை வைத்துவிட்டு, சோறு அப்புறம் போட்டுக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் நார்ச்சத்து சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும், பசியும் பாதி அடங்கியிருக்கும், இரண்டாவது தடவை சோறு கேட்பது தானாகவே குறையும். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

பையன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். புதுக் காய் ஒன்று பிள்ளைக்குப் பழக பத்துத் தடவைக்கு மேல்கூட ருசி பார்க்க வேண்டியிருக்கும், அத்தனை தடவையும் அது மேசையில் இருக்க வேண்டும் என்றால் பெரியவர்கள் சாப்பிட்டால்தான் முடியும்.

இப்போது நடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது, பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம். மிதமான வேகம் என்றால் நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே மேடம்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். அதுவும் கணக்கில் வரும், எந்த அசைவும் வீண் இல்லை. ஆனால் சமையலறையில் நாள் முழுக்க நிற்பதில் கால் வலிக்குமே தவிர இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை இல்லை. மூச்சு கொஞ்சம் வாங்கும்படி அரை மணி நேரம் தனியாக வேண்டும்.

அந்த அரை மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டியூஷன் வாசலில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த டியூஷன் சென்டர், பாட்டு வகுப்பு, நீச்சல் வகுப்பு வாசலிலும் பாருங்கள், பத்துப் பதினைந்து பேர் ஸ்கூட்டியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் மூன்று பேராகத் தெருவைச் சுற்றி நடக்கலாம். என்னிடம் வந்த ஒரு அம்மா இதைத் தன் பெண்ணின் பரதநாட்டிய வகுப்பு வாசலில் ஆரம்பித்தார். முதல் வாரம் கூட வந்தது ஒருவர், அப்புறம் நாலைந்து பேர், இப்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஹோம்வொர்க் விசாரிப்புக்கு நடுவில் "இன்னைக்கு வர்றீங்களா அக்கா?" என்று செய்தி வருகிறதாம். விடியற்காலையில் தனியாக நடக்கப் பெண்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நாய், சங்கிலி பறிப்பு, வெளிச்சம் இல்லாத தெரு. கூட்டாகப் போனால் அந்தப் பயம் குறைகிறது, ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் போன் செய்வார் என்பதால் சாக்குச் சொல்வதும் குறைகிறது. இப்படிச் சேர்ந்து நடப்பவர்களே உழவர் சந்தைக்கும் சேர்ந்து போய், ஒரு முழுப் பூசணியை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

தம்பதிக்கு நான் சொல்வது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து நிமிட நடை. தசை அசையும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கும். ரேஸ்கோர்ஸ் நடைபாதை வரை போக வேண்டாம், தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும், மழை என்றால் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இடமோ வீட்டு ஹாலோ போதும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டிய பெண்களுக்கு எலும்புக்கு இது மிகவும் அவசியம்.

சிலர் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சில காய்களிலும் பழங்களிலும் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும்போது சர்க்கரை இறங்கிப் போகலாம், அதனால் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக, பரிசோதனைக்குச் சேர்ந்து போங்கள். கணவரின் ஃபைலை மனைவி வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கிறார், மனைவிக்கு ஃபைலே இருப்பதில்லை. கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள் என்று கேட்டால் "இவன் பிறந்தப்போ" என்பார்கள், பையன் ஐந்தாவது படிப்பான். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். இடுப்புச் சுற்றளவுக்குத் தையல் டேப் போதும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை, ஆகவே காயையும் நடையையும் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்போது பையனையும் கூட்டி வந்தால் போதும்.