நாய் பெற்ற தெங்கம்பழம்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். போன மாதம் தெருவில் பட்டினியாகத் திரிந்த மூன்றாவது ஒன்றைத் தூக்கிவந்திருக்கிறார். மனிதர்களிடம் குழைகிற அது, சோற்றுத்தட்டுப் பக்கம் மற்ற இரண்டும் வந்தால் உறுமுகிறதாம். காலித் தட்டைக்கூட விடுவதில்லை. "இது திமிரா, பயமா சார்? பக்கத்து வீட்டுப் பாட்டி கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறார்."

பயம்தான் அம்மா. கயிற்றுக்கான காசில் கோழிக்கறி வாங்குங்கள், பின்னால் தேவைப்படும்.

'தலைவன் ஆகப் பார்க்கிறது, அடக்கி வை' என்பவர்கள் உண்டு. அந்த எண்ணத்தின் வேர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மெக் வேறொன்றைச் சொன்னார்: ஒவ்வோர் ஓநாய்க்கும் வாயைச் சுற்றி ஒரு சொந்த எல்லை உண்டு. அதற்குள் இருக்கும் கறித்துண்டைக் கூட்டத்தில் கடைசி நிலையில் உள்ளதும் விட்டுத்தராது. ஆக, தட்டைக் காப்பதற்கும் தலைமைக்கும் சம்பந்தமில்லை.

உடனே செய்ய வேண்டியது எளிது. மூன்றுக்கும் தனித்தனி அறையில், கதவைச் சாத்திச் சோறு. முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு, பந்து எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. உறுமினால் அடிக்காதீர்கள். ஹாரன் ஒயரைப் பிடுங்கினால் லாரி நின்றுவிடாது, சத்தமில்லாமல் வரும். உறுமலுக்கு முன்பே அறிகுறிகள் உண்டு: அசையாமல் விறைத்து நிற்பது, அவசரமாக விழுங்குவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. வலி இருந்தாலும் இப்படிச் செய்யும், அதனால் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, பயத்தை மாற்றுவது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாவ்லவின் நாய்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சத்தம், பிறகு சோறு. சில நாளில் சத்தத்துக்கே எச்சில் ஊறும். பலரும் கவனிக்காமல் விடுவது அதிலுள்ள வரிசையை. சோற்றை முதலில் வைத்து, பிறகு சத்தம் எழுப்பினால் நாய் அநேகமாக எதையும் கற்காது. மூளைக்கு வேண்டியது முன்னறிவிப்பு. வந்து முடிந்ததற்கு யார் அறிவிப்புக் கேட்பார்கள்?

உங்கள் பழைய நாய்களில் ஒன்றுக்கு ஜிம்மி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எனவே முதலில் ஜிம்மி, அப்புறம் சிக்கன். தட்டோ எலும்போ இல்லாத இடத்தில், புதியதையும் ஜிம்மியையும் ஆளுக்கொருவர் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய நாய் தூரத்தில் தெரிய வேண்டும். புதியது அதைப் பார்த்த மறுநொடி கறித்துண்டுகள் விழ வேண்டும். பழையது மறைந்ததும் கறியும் நிற்க வேண்டும். எத்தனை அடி தூரம் என்பதைப் புதியதன் உடம்பே சொல்லும், விறைத்தால் பின்னே போங்கள். நாளாக ஆக, ஜிம்மி தலை தெரிந்ததும் அது உங்கள் கையைப் பார்க்கும். அன்றைக்கு இரண்டடி கிட்டே வரலாம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டவன். முதலில் பிஸ்கட் டப்பாவைக் குலுக்குவேன், பிறகு மற்ற நாயை அழைத்துவருவேன். ஒரே வாரத்தில் டப்பாச் சத்தம் கேட்டாலே என் நாய்க்கு முதுகுமயிர் சிலிர்த்தது. பிஸ்கட் என்றால் எதிரி வருகிறான் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்!

'உறுமுகிற நாய்க்குக் கறி கொடுத்தால் உறுமல் வளராதா?' வளராது. எச்சிலைப் போலவே பயமும் நாய் யோசித்துச் செய்வதல்ல, தானாக ஊறுவது. உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனிடம் இதையொத்த வழியைக் கையாண்டார். அவன் பிடித்ததைத் தின்னும்போது, முயல் கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக அருகே வந்தது. கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான்.

நம் தெருநாய்கள் கறிவாசம் வருவதை முதலில் தின்னும் என்று கொல்கத்தா ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பிஸ்கட்டைவிடக் கோழிக்கறி ஏன் வேலைசெய்கிறது என்பது இதிலிருந்தே புரியும். தெருநாய்களைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போடும் நாட்டில் இப்படிப்பட்ட ஆய்வுக்கு இன்னும் தாராளமாகக் காசு கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

மூன்றும் ஒரே தட்டில் சாப்பிடும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். என் இரண்டும் ஏழு வருடமாகத் தனித்தனி அறையில்தான் சாப்பிடுகின்றன. கதவைத் திறந்ததும், ஒன்று சாப்பிட்ட இடத்தை மற்றது ஓடிப்போய் முகர்ந்து பார்க்கும்.