அனிலின் டிரம்மும் அதோடு வரவேண்டிய தாளும்

மணலி, மாதவரம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஏதாவது ஒரு கெமிக்கல் கம்பெனியிலோ அதன் லேபிலோ உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்களா? அப்படியானால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கையில் எடுக்கும் ஒவ்வொரு ஆபத்தான கெமிக்கலுக்கும், அதன் ஆபத்தும் முதலுதவியும் கையாளும் முறையும் எழுதிய ஒரு தாள் உண்டு. லேபில் எல்லாரும் எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். தமிழில் பாதுகாப்புத் தரவுத்தாள். கேட்டால் அதைக் காட்ட வேண்டியது நிர்வாகத்தின் சட்டக் கடமை. தயவு பண்ணிக் காட்டுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் 11 வருடம் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்த்தேன். ஒருநாள் கான்ட்ராக்டில் வந்த ஹெல்பர் பையன் ஒருவன் பெரிய டிரம்மிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு அனிலின் என்ற கெமிக்கலை மாற்றிக்கொண்டிருந்தான். தொடைமேல் கொஞ்சம் சிந்திவிட்டது. எரிச்சல் இல்லை, வலி இல்லை. துணியால் துடைத்துக்கொண்டு அதே பேன்ட்டோடு வேலையைத் தொடர்ந்தான். சாயங்காலம் தலைவலி, மயக்கம். உதடு நீலம் பாரித்துவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கெமிக்கல்?" கூடப்போனவருக்குத் தெரியவில்லை. "ஆயில் மாதிரி இருக்கும் சார்" என்றிருக்கிறார். பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் "ஏ-2" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரைக் கண்டுபிடித்துப் போனில் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பையன் பிழைத்துக்கொண்டான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அனிலின் என்பது ஒரு இடைநிலை கெமிக்கல். அதை அப்படியே யாரும் பயன்படுத்துவதில்லை. சாயம், ரப்பருக்குச் சேர்க்கும் பொருள்கள், மருந்து, மெத்தை நுரை என்று பலவற்றுக்கு அது நடுவழிச் சரக்கு. புதிதாக இருக்கும்போது நிறமில்லாத எண்ணெய் போலிருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். அழுகிய மீன் வாடை அடிக்கும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகக் காற்றில் வளர்ந்த மூக்குக்கு அது பெரிதாகத் தோன்றாது என்பதால் வாடையை வைத்து ஆபத்தை அளக்கவே கூடாது.

இதன் உண்மையான ஆபத்து தோல் வழியாக வருவது. திரவமும் சரி, ஆவியும் சரி, தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போய்விடும். அங்கே ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை மாற்றிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் சாக்லேட் நிறமாகும். உதடு, நகம் நீலமாகும். மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே உடம்புக்குள் ஆக்சிஜன் பஞ்சம். இதெல்லாம் பட்ட உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் எங்கள் பையன் விஷயத்தில் யாருக்கும் காலையில் சிந்தியது ஞாபகத்துக்கு வரவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இதில் நம்ப முடியாது. நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலும் அது 85 பக்கத்திலேயே நின்றுவிடும். வருடக்கணக்கில் படுவதற்கும் வேறு விலை உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அனிலினை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற வரிசையில் வைத்திருக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

போபாலுக்குப் பிறகு வந்தது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1989இல் அபாயகரமான ரசாயனங்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகள் வந்தன. அந்த விதிகளின் முதல் அட்டவணைப் பட்டியலில் அனிலின் இருக்கிறது. 17ஆம் விதிப்படி அந்தக் கெமிக்கலுக்கான பாதுகாப்புத் தரவுத்தாளை நிர்வாகம் தயாராக வைத்திருக்க வேண்டும்; கேட்பவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். டிரம்மோ பாட்டிலோ, ஒவ்வொரு கொள்கலத்திலும் உள்ளே என்ன இருக்கிறது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், அதன் நச்சுத்தன்மை என்ன என்பது அழியாமல் தெரிய வேண்டும். மார்க்கர் பேனாவில் "ஏ-2" என்று எழுதுவது இந்த விதிக்குப் போதாது.

4ஆம் விதியை நான் இன்னும் முக்கியமாகப் பார்க்கிறேன். அந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்குத் தகவல், பயிற்சி, பாதுகாப்புச் சாதனம் மூன்றையும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. சாதனம் என்ற இடத்தில் விஷமுறிவு மருந்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் "அந்த இடத்தில் வேலை செய்பவர்கள்" என்றுதான் இருக்கிறது. நிரந்தரம், கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ் என்ற பாகுபாடு கிடையாது. "நீ கான்ட்ராக்டர் ஆள், அவரிடம் கேள்" என்று யாராவது சொன்னால் அது சரியான பதில் இல்லை.

இன்னொரு பக்கம் தொழிலாளர் சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், வேலையிடத்துப் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை 111ஏ பிரிவு கொடுத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அதே உரிமை 14ஆம் பிரிவாக இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்துக்கும் அரசு ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். அபாயகரமான வேலைகளில் இருப்பவருக்கு வேலையில் சேர்க்கும் முன், பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில், வேலையிலிருந்து நின்ற பிறகும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம். பரிசோதனைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துவிட்டு ரிசல்ட்டைக் காட்டாமல் விடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

தாள் கைக்கு வந்தால் அதில் 16 பகுதி இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் படித்து முடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. 2ஆம் பகுதி என்ன ஆபத்து என்று சொல்லும். 4ஆம் பகுதி முதலுதவி. 6 சிந்தினால் என்ன செய்வது. 8 என்ன கையுறை, என்ன முகமூடி. இந்த நான்கையும் சூப்பர்வைசரைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்; பயிற்சி தர வேண்டும் என்று சட்டம் சொல்வதன் அர்த்தம் அதுதான். அனிலினுக்கு 8ஆம் பகுதியில் பியூட்டைல் ரப்பர் கையுறை என்று இருக்கும். டாக்டர்கள் போடும் மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்கு ஆகாது. கெமிக்கல் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் நிதானமாக வேலை செய்பவருக்கு அது இன்னும் ஆபத்து. டிரம்மை நைட்ரிக் அமிலத்தின் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். மாற்றும் வேலையைப் புகைபோக்கிப் பெட்டிக்குள், காற்று உறிஞ்சும் மின்விசிறி ஓடும்போது மட்டும் செய்ய வேண்டும்.

மேலே பட்டுவிட்டால்? வெட்கப்பட நேரமில்லை. பேன்ட், சட்டை, செருப்பு, ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டு 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், அது தோல் உறிஞ்சுவதைக் கூட்டும். தோல் ஷூ நனைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவதுதான் வழி, கழுவினால் போகாது. கண்ணில் பட்டால் இமையை விரித்துப்பிடித்து அதே 15 நிமிடம். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஷிப்ட் முடிந்து மது அருந்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். இதை இளம் பையன்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது.

108க்குப் போன் செய்யும்போது கெமிக்கல் பெயரை முதலிலேயே சொல்லுங்கள். ஆளோடு தாளும் போக வேண்டும். ஸ்டான்லிக்குப் போனாலும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெயர் தெரிந்தால் டாக்டர் மெத்தீமோகுளோபின் அளவைப் பார்ப்பார். தேவைப்பட்டால் மெத்திலீன் புளூ என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவார். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் அதைப் பற்றி டாக்டர் கேட்பார், தெரிந்தால் சொல்லுங்கள். லேபில் சாயமாக இருக்கும் மெத்திலீன் புளூவை எடுத்து யாரும் கொடுத்துவிட வேண்டாம். பெயர் ஒன்றுதான், தரம் வேறு.

அப்புறம் பணம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருக்க வேண்டும், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். வேலையிடத்தில் கெமிக்கல் பட்டு வேலைக்குப் போக முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலனாகக் கிடைக்கும். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நேற்று சேர்ந்தவருக்கும் உண்டு. மெல்ல மெல்ல உடம்பில் ஏறி வரும் நோய் என்றால் அது தொழில்சார் நோய்க் கணக்கு. பென்சீனின் நைட்ரோ, அமினோ வகைச் சேர்மங்களால் வரும் நோய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அனிலின் அந்த வகைதான். அதற்கு அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்திருக்க வேண்டும். எதுவானாலும் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வைத்துவிடுங்கள். "சின்ன விஷயம்தானே" என்று விட்டுவிட்டால் ஒரு மாதம் கழித்து நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்க நம் பக்கம் டிரம் வாங்காத வீடு குறைவு. கெமிக்கல் இருந்த காலி டிரம், அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவுதான். அனுமதி பெற்றவரிடம்தான் அது போக வேண்டும், தெருமுனைக் கடைக்கு அல்ல. லேபிள் கிழித்த தழும்பு இருக்கிற டிரம், எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாத டிரம், இரண்டையும் குடிதண்ணீருக்கு வாங்காதீர்கள்.

தாளைக் கேட்டும் கொடுக்கவில்லை என்றால் வாய்ச்சண்டை வேண்டாம். கெமிக்கலின் பெயர், நீங்கள் செய்யும் வேலை, தாளைக் கேட்ட தேதி, இவற்றை வைத்து நாலு வரி எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அடுத்து அந்த நகலை இணைத்து, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதலாம். அதன் தலைமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் ஒரே ஷிப்டில் இருக்கும் நாலைந்து பேராகக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் லேபில் அந்தப் பையன் திரும்பி வந்த வாரம் நாங்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். இரண்டு நாளில் அனிலின் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் போய் கதவுக்குப் பக்கத்தில், போனுக்கு மேலே தொங்கியது.