வானத்தில் நாம் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது?

ஒவ்வொரு கிரகணத்துக்கும் சில நாள் முன்பே என் கைப்பேசி நிரம்பத் தொடங்கிவிடும். "சார், இது உண்மையா?" என்ற ஒற்றை வரி, அதற்கு மேலே ஒரு வாட்ஸப் செய்தி. அனுப்புகிறவர்கள் ஆசிரியர்கள், பெற்றோர்கள், எப்போதோ நான் தொலைநோக்கி கொண்டுபோன ஊரின் பஞ்சாயத்துத் தலைவர். இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாயிலிருந்து காஸ்மிக் கதிர்கள் வருகின்றன, செல்போனை அணைத்துவிடுங்கள். ஆகஸ்டில் வானத்தில் இரண்டு நிலா தெரியும். கோள்கள் ஒரே வரிசையில் வருகின்றன, பூகம்பம் நிச்சயம். 2026 ஆகஸ்ட் 12 அன்று ஏழு நொடிக்குப் பூமியின் ஈர்ப்பு நின்றுவிடும். பெரும்பாலான செய்திகளில் நாசாவின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளிகளிலும் கோயில் திடல்களிலும் தொலைநோக்கியை நிறுத்தி மக்களுக்கு வானம் காட்டுவது என் வேலை. இந்த வேலையில் என்னை ஓயாமல் உறுத்துவது ஒன்றுதான். வானத்திலிருந்து வராத ஆபத்துக்கெல்லாம் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிற அதே வீட்டில், நிஜமான ஆபத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். கிரகணச் சூரியனைப் பார்க்க என்று பீரோவிலிருந்து எடுத்த ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்தச் செய்திகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். இவற்றைச் சரிபார்க்க வானியல் பட்டம் வேண்டாம். ஒளி எங்கிருந்து வருகிறது, ஈர்ப்பு தூரத்தோடு எப்படிக் குறைகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

முதலில் செவ்வாய். செவ்வாய் பாறையும் தூசியும் ஆன ஒரு கோள். அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நம் கண்ணில் படும் அந்தச் சிவப்புப் புள்ளி, சூரிய ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பி வருவதுதான். வெள்ளி, வியாழன், சனி எல்லாமே அப்படித்தான். காஸ்மிக் கதிர்கள் என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அவை சூரியனிலிருந்தும், சூரியக் குடும்பத்துக்கு வெளியே நட்சத்திரங்கள் வெடித்த இடங்களிலிருந்தும் இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருப்பவை. நம் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறி, அவற்றின் மிச்சத் துகள்கள்தான் தரைக்கு வந்து சேருகின்றன. இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு கடந்துபோகின்றன. நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் போயின. செல்போனை அணைப்பதால் அதில் எதுவும் மாறாது.

இரண்டு நிலா கதை 2003-இல் பிறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு மிக அருகில், சுமார் 5.58 கோடி கி.மீ. தூரத்துக்கு வந்தது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். தொலைநோக்கி உதிர்ந்துபோய், நிலா மட்டும் மிஞ்சி, இன்றும் ஆகஸ்ட் வந்தால் சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாயின் விட்டம் நிலாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்று அது இருந்த தூரமோ நிலாவின் தூரத்தைப் போல 145 மடங்கு. அப்படியானால் நிலாவின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்குதான் தெரியும். வெறுங்கண்ணுக்கு அது புள்ளிதான்.

ஈர்ப்பு விஷயத்தில்தான் பயம் ஆழமாக இருக்கிறது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதியின்படி, இரு பொருள்களுக்கு இடையேயான தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒன்று. வியாழனை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை நிலாவைப் போல சுமார் 26,000 மடங்கு. கேட்டவுடன் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மிக அருகில் வரும்போதும் அது 59 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. நிலா இருப்பது 3,84,400 கி.மீ. தூரத்தில். அதாவது வியாழன் 1,500 மடங்குக்கும் மேல் தொலைவு. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் இருபத்து மூன்று லட்சத்தைத் தாண்டும். 26,000-ஐ அதனால் வகுத்தால், வியாழன் நம்மை இழுப்பது நிலா இழுப்பதில் தொண்ணூறில் ஒரு பங்குதான். கடலை ஏற்றி இறக்கும் ஓத விசை தூரத்தோடு இன்னும் வேகமாகக் குறையும். அதில் வியாழனின் பங்கு நிலாவுடையதில் லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. எல்லாக் கோள்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி வைத்தாலும், நிலாவின் ஓத விசையில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்குக்கூட அவை வராது. அந்த நிலா தினமும் நம் தலைக்கு மேல் போய் வருகிறது.

பூமியின் ஈர்ப்பு ஏழு நொடி நிற்பது பற்றி: ஈர்ப்பு என்பது பூமியின் நிறையிலிருந்து வருவது. 6 போட்டு 24 சுழி சேர்த்தால் வரும் கிலோகிராம் அந்த நிறை. அது எங்கும் போகாதவரை ஈர்ப்பும் எங்கும் போகாது. அந்தச் செய்தி சொல்லும் 2026 ஆகஸ்ட் 12, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகச் செல்லும் முழுச் சூரிய கிரகணத்தின் தேதி. ஒரு நிஜமான தேதியின் மேல் பொய்யை ஏற்றினால் ஊர் நம்பும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

2019 டிசம்பர் 26 அன்று காலை நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் வளையக் கிரகணம் சென்ற நாள். பள்ளித் திடலில் நாங்கள் கருவிகளை வைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு வாசலில் ஒரு பாட்டி பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். நின்றது. கூட்டம் எங்களை விட்டுவிட்டு அங்கே போயிற்று. கிரகணம் விட்டால் உலக்கை தானாகச் சாய்ந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்கு மேல், எல்லாம் முடிந்து வெயில் சுள்ளென்று அடித்தபோது நான் போய்க் கேட்டேன். "பாட்டிம்மா, கிரகணம் விட்டாச்சு. இன்னொரு தடவை நிறுத்திப் பாக்கலாமா?"

"விட்ட பெறகு எப்பிடிப்பா நிக்கும்?" என்றவர், சரி பார்த்துவிடலாம் என்று உலக்கையைத் தூக்கி வைத்தார். பூண் போட்ட அடிப்பாகம் தாம்பாளத்தில் பதிந்தது. கையை மெதுவாக எடுத்தார். நின்றது. மறுபடி எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தாம்பாளத்தில் வைத்தார். அதிலும் நின்றது. "அடி ஆத்தி, சும்மாவே நிக்குதே!" என்று பேத்தியைக் கூப்பிட்டு அவளையும் நிறுத்தச் சொன்னார். அன்று நான் பேசிய எல்லாவற்றையும்விட அந்தப் பாட்டி செய்ததுதான் ஊருக்கு நல்ல பாடம்.

உலக்கையின் அடி தட்டையாக இருக்கிறது, எடை நேராகக் கீழே இறங்குகிறது, அதனால் நிற்கிறது. சூரியனும் நிலாவும் சேர்ந்து ஐந்து கிலோ உலக்கையின் எடையில் செய்யக்கூடிய மாற்றம் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தச் சேர்க்கையும் கிரகணத்துக்கு மட்டும் உரியதல்ல, ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏறக்குறைய அப்படியேதான்.

நட்சத்திரங்களைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாக மங்கியது. வெடிக்கப் போகிறது, பூமி கருகிவிடும் என்று காணொளிகள் கிளம்பின. திருவாதிரை வயதான சிவப்புப் பெருநட்சத்திரம். அதன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,300 டிகிரி செல்சியஸ்தான், சூரியனுடையது 5,500. சூடு குறைந்த நட்சத்திரம் சிவப்பாகவும், சூடு கூடியது நீலம் கலந்த வெண்மையாகவும் தெரியும். திருவாதிரைக்குப் பக்கத்திலேயே பளீரென்று வெண்மையாக மின்னும் சிரியஸைப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். திருவாதிரை உமிழ்ந்த தூசு முன்னால் வந்து மறைத்ததே மங்கலுக்கு முக்கியக் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். என்றாவது திருவாதிரை வெடிக்கத்தான் போகிறது. ஆனால் அதன் ஒளியே நம்மிடம் வர ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரத்து வெடிப்பு பல வாரங்களுக்குப் பகலிலும் தெரியும் ஒரு புள்ளியாக இருக்கும், நமக்குத் தீங்கு செய்யாது. நாம் பார்க்கும் நட்சத்திரங்களெல்லாம் எப்போதோ செத்துப்போனவை என்பதும் தவறு. வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள், அதாவது அவற்றின் ஒளி சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் நம்மிடம் வந்துசேரும் தூரத்தில் இருப்பவை. நட்சத்திரங்கள் வாழ்வதோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். நீங்கள் பார்க்கிற கார்த்திகையும் ரோகிணியும் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம்.

சூரியன் 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதன் ஒளி இங்கே வர எட்டு நிமிடம் இருபது நொடி ஆகிறது. அத்தனை தூரம் கடந்து வந்த பிறகும், நம் கண்ணில் இருக்கும் லென்ஸ் அதை விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கிறது, பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்குகிறோமே அதேபோல. மற்ற நாளில் சூரியனைப் பார்த்தால் கண் கூசும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தன்று நிலா பெரும்பகுதியை மறைத்துவிடுவதால் மொத்த வெளிச்சம் குறைகிறது. கூச்சம் போய்விடுகிறது. கண்மணியும் விரிந்துகொள்கிறது. ஆனால் மறையாமல் எஞ்சியிருக்கும் அந்தப் பிறைத் துண்டு, முழுச் சூரியனின் அதே அளவு பகுதி எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பிரகாசம். விழித்திரையில் அது விழும் இடம் அதே வேகத்தில்தான் சேதமாகும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. இதைத்தான் எல்லாப் பெற்றோரும் மனதில் பதிய வைக்க வேண்டும். பிள்ளை "வலிக்கல" என்று சொல்லும், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் இருப்பது தெரியவரும், படிக்கும்போது எழுத்து விட்டுப்போகும். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆகவே ஆகாது. பார்த்த பிறகு இப்படி ஏதாவது தெரிந்தால் சொட்டு மருந்து தேடாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தர எண் அச்சிட்டிருக்கும். அச்சு மட்டும் போதாது, அறிவியல் மையம், கோளரங்கம் போன்ற நம்பகமான இடத்தில் வாங்குங்கள். அது உள்ளே விடும் வெளிச்சம் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எக்ஸ்ரே ஃபிலிமில் கருப்பு ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளிறல். அதை நம்பிக் கண்ணை வைக்க முடியாது. புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சிடி எதுவும் ஆகாது. பட்டறைகளில் பொதுவாகக் கிடைக்கும் வெல்டிங் கண்ணாடியும் போதாது, 14-ஆம் எண் கண்ணாடியாக இருக்க வேண்டும். சாணி கரைத்த தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ பிம்பம் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர்ப்பரப்பு நூறில் இரண்டு பங்கு ஒளியையாவது அப்படியே திருப்பி அனுப்பும். பாதுகாப்பான கண்ணாடி விடுவதைவிட அது பல நூறு மடங்கு.

தொலைநோக்கியோ பைனாகுலரோ இருந்தால் இன்னும் கவனம். சூரிய ஃபில்டரை முன்வாய் முழுவதும் மூடும்படி மாட்ட வேண்டும். மலிவான தொலைநோக்கிகளோடு, கண் வைக்கும் பக்கம் திருகி மாட்ட ஒரு சின்னக் கருப்பு ஃபில்டர் கொடுப்பார்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விடும். உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் கூடாது.

காசே செலவில்லாத வழி வேப்பமரத்தடியில் இருக்கிறது. இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளை. கிரகணத்தன்று தரையில் நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்கள் விழும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு வெள்ளைத் தாளில் விழவைத்தாலும் அதே காட்சி.

கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிரகணம் என்பது நிழல். அன்று புதிதாக ஒரு கதிரும் வருவதில்லை, வருகிற ஒளியே குறைகிறது. சமைத்து வைத்த சோறு நஞ்சாக வழியில்லை. நம்பிக்கையோடு குளிப்பவர்களிடமும் கோயிலுக்குப் போகிறவர்களிடமும் நான் வாதம் செய்வதில்லை. ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணியை மூன்று நான்கு மணி நேரம் இருட்டறையில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது நட்சத்திரமும் கோளும் செய்யாத தீங்கு, நாமே செய்வது. அவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

இந்தப் பணி புதிதல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் இருந்தார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடக்கவிருந்தபோது, சாதாரண மக்களும் புரிந்துகொண்டு பார்க்கட்டும் என்று ஒரு சிறு நூல் எழுதிப் பல இந்திய மொழிகளில் வரச் செய்தார். எனக்கு மனம் தளரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

2027 ஆகஸ்ட் 2 அன்று மாலை இந்தியாவின் பல பகுதிகளில் பகுதிக் கிரகணம் தெரியும். 2031 மே 21 அன்று நண்பகலை ஒட்டி வளையக் கிரகணம் கேரளம், மதுரை, யாழ்ப்பாணம் வழியாகப் போகிறது. தென்மாவட்டங்களின் பள்ளிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. அன்று பிள்ளைகளை வகுப்பறைக்குள் பூட்டி வைக்காமல் திடலுக்கு அழைத்து வர, தலைமை ஆசிரியர்கள் இப்போதே திட்டமிடலாம். கண்ணாடிகள் கடைசி வாரத்தில் கிடைக்காமல் போகும், போலிகளும் வரும். ஒரு மாதம் முன்பே வாங்கி, கீறலோ துளையோ இல்லாததைப் பார்த்து எடுத்து வையுங்கள். கண்ணாடி போதவில்லை என்றால் அட்டையும் குண்டூசியும் எல்லாருக்கும் கொடுங்கள்.