இரண்டடித் தொட்டியில் நாலடி மீன்

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "அண்ணா, நம்ம ரெட் டெயில் கொஞ்சம் பெருசாயிடுச்சு, எடுத்துக்கறீங்களா?" போய்ப் பார்த்தால் இரண்டடித் தொட்டி, உள்ளே ஒன்றேகால் அடிக் கெளுத்தி. தொட்டியின் அகலமே ஒரு அடிதான். திரும்ப வேண்டுமென்றால் அது வாலை மடக்கி, கண்ணாடியில் உடம்பை ஒரு உரசு உரசித்தான் திரும்பியது. மூக்கில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு பக்க மீசை பாதிதான் மிச்சம். வாங்கியபோது விரல் நீளம் இருந்ததாம். "தொட்டி அளவுக்குத்தானே வளரும்னு சொன்னாங்க?" என்று வீட்டுக்காரர் என்னையே கேட்கிறார்.

இந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ, தருமபுரியிலிருந்து ஓசூர் வரை நான் தொட்டி அமைக்கப் போகிற ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்கிறார்கள். பிள்ளையைப் பீரோவுக்குள் வைத்து வளர்த்தால் பீரோ அளவோடு நின்றுவிடுமா? மீன் சின்னதாகவே நிற்கிறதென்றால் அது தொட்டிக்கு ஏற்ற அளவோடு சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதன் கழிவிலேயே அது கிடந்து, வளர்ச்சி குன்றி, முதுகெலும்பு வளைந்து, ஆயுள் முடியுமுன்பே சாகப் போகிறது என்று அர்த்தம். ஒழுங்காக வைத்தால் 10 வருடம் தாண்டி வாழ்கிற கோல்ட் ஃபிஷ், கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வருடம் தாண்டுவதில்லையே, ஏன் என்று யாராவது யோசித்தார்களா? அமேசானில் அந்த ரெட் டெயில் கெளுத்தி நாலடிக்கு மேல் வளரும். வாஸ்துவுக்கு வைக்கிற சில்வர் அரோவானா மூன்றடி. குட்டி முதலை மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டு வருகிற அலிகேட்டர் கார் சாதாரணமாக ஆறடி வளரும். இதெல்லாம் இரண்டடித் தொட்டிக்கு, அதாவது சுமார் 55 லிட்டர் தண்ணீருக்கு!

அடுத்த கேள்வி இதைவிட மோசம். "அப்போ கேஆர்பி டேம்ல விட்டுடட்டுமா?" தயவுசெய்து வேண்டாம். கிருஷ்ணகிரி டேமும் வேண்டாம், தென்பெண்ணை ஆறும் வேண்டாம், ஊர் ஏரியும் வேண்டாம். காஷ்மீர் தால் ஏரியில் 2023இல் அலிகேட்டர் கார் பிடிபட்டதே, அமெரிக்க மீன் அங்கே நீந்தியா வந்தது? தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று எல்லோரும் வாங்குகிற சக்கர் மீன் ஒன்றரை அடி வரை போகும், கரையில் வளை தோண்டும், முள்ளும் சொரசொரப்புமாக வலையைக் கிழிக்கும். அதைப் பிடித்து யாரும் சாப்பிடுவதும் இல்லை. வளர்க்க முடியவில்லையா, வாங்கின கடையில் திருப்பிக் கொடுங்கள். காசு வராது, பரவாயில்லை.

யாரிடமும் இல்லாத மீன் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் அபூர்வம் என்றால் ராட்சசக் குட்டிதான் என்று யார் சொன்னது? பட்டாணிப் பஃபர் பார்த்திருக்கிறீர்களா? நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன், முழுதாக வளர்ந்தாலே ஒரு இஞ்ச்தான். இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டும். தொட்டியில் ஒரு நத்தையைப் போட்டுவிட்டுப் பாருங்கள்: எதிரே வந்து அப்படியே அந்தரத்தில் நிற்கும், ஒரு கண் நத்தை மேல், இன்னொன்று உங்கள் மேல், நத்தை தலையை நீட்டியதும் ஒரே கடி. டிவி தேவையில்லை. ஆனால் கப்பியோடு சேர்த்துப் போடாதீர்கள், வாலைக் கடித்துக் குதறிவிடும். காய்ந்த தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டாது. நத்தை, புழு என்று கொடுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். செடி நிறைந்த இரண்டடித் தொட்டிக்கு நாலைந்து போதும். காட்டில் எண்ணிக்கை குறைந்து வருகிற மீன் இது, அதனால் தொட்டியில் இனப்பெருக்கம் செய்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள்.

அதற்கு அடுத்தது நம் வயல் வாய்க்காலிலேயே இருக்கிற ஸ்பைக்டெய்ல் பாரடைஸ். இரண்டு இஞ்சுக்குச் சற்று மேலே. ஆண் மீன் நிறம் ஏறி, இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காவல் காப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மேலே வந்து காற்றைக் குடிக்கிற வகை என்பதால் கரண்ட் போனாலும் பதற வேண்டாம். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு தனி யோசனை: கேலக்ஸி ரஸ்போரா. மியான்மரில் ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளங்களில் இருப்பது, 22 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். உங்கள் ஊர்க் குளிரில் நன்றாக இருக்கும், தருமபுரி மே மாதத்தில் பாவம். கோல்டன் வொண்டர் கில்லியும் நல்ல மீன்தான், நாலு இஞ்ச் வரை போகும், வாயில் அடங்கும் சின்ன மீனை விழுங்கும், மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில் கிடக்கும்.

தண்ணீர் விஷயம். ஃப்ளோரைடுக்குப் பயந்து நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஆர்ஓ. நமக்கு நல்லது, மீனுக்கும் நல்லதுதானே என்று அதையே தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். உப்பே இல்லாத தண்ணீரில் பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, நிலையாக நிற்காது. மோலி, கப்பி எல்லாம் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பிக்கும். அவற்றுக்கும், கப்பியின் சொந்தக்காரக் குட்டி மீனான எண்ட்லருக்கும் நம் போர்வெல் தண்ணீரே பொருந்தும், கண்ணாடி ஓரத்தில் வெள்ளைப் படிவம் வரும், துடைத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுகிற போர்வெல் என்றால் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்துவிடுங்கள். குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம்.

அப்புறம், தொட்டி வாங்கின அன்றே மீன் வாங்காதீர்கள். ஃபில்டர் ஓடி, மீன் கழிவை முறிக்கிற நல்ல கிருமிகள் அதில் வளர்ந்து, தொட்டி பழக மூன்று நாலு வாரம் ஆகும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவாதீர்கள், அந்தக் கிருமிகள் போய்விடும், தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், வாரம் கால்வாசி போதும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கடையில் விலை கேட்பதற்கு முன்னால், வளர்ந்தால் எத்தனை இஞ்ச் என்று கேளுங்கள். மழுப்பினால் மீனின் போட்டோவை எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.