ஒளி குறையும் ஒன்றே முக்கால் மணித்தியாலம்

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை நேரே படம்பிடிப்பது மிக அரிது. இதுவரை கண்டறிந்த புறக்கோள்களில் பெரும்பாலானவை, தம் விண்மீனின் முன்னால் கடக்கும்போது அதன் ஒளியைச் சற்றே குறைத்ததால் அகப்பட்டவை. எவ்வளவு குறையும்? கோளின் ஆரையை விண்மீனின் ஆரையால் வகுத்து, வந்த விடையை வர்க்கித்தால் போதும். சூரியனின் ஆரை புவியினதைப்போல் 109 மடங்கு. ஆகவே தொலைவிலிருந்து ஒருவர் சூரியனை அளந்துகொண்டிருந்தால், புவி கடக்கையில் 0.0084 வீதம்தான் ஒளி குறையும். அதுவும் ஆண்டுக்கொரு தடவை, 13 மணித்தியாலம். அவர் புவியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு நேராக இருக்கவும் வேண்டும். அந்த வாய்ப்பு 200 இல் 1. 2009 இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைகாட்டி ஒன்றரை இலட்சம் விண்மீன்களை ஒரே நேரத்தில் கண்காணித்ததற்குக் காரணம் இதுவே.

செங்குறளிகள் எனப்படும் சிறிய, மங்கலான, சிவந்த விண்மீன்களில் கணக்கு மாறுகிறது. கும்ப விண்மீன் குழுவில், 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 இன் ஆரை புவியினதைப்போல் 13 மடங்கே. புவியளவு கோள் அதைக் கடந்தால் 0.6 வீதம் குறையும். சூரியனில் குறைவதைவிட 70 மடங்கு. விண்மீன் மங்கலானது என்பதால், நீர் திரவமாக இருக்கக்கூடிய வலயமும் அதற்கு மிக அருகிலேயே அமைகிறது. அங்குள்ள ‘ஈ’ கோள் 6.1 நாளில் ஒருமுறை சுற்றிவருகிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 60 தடவை கடக்கும்.

அந்த விண்மீன் வீட்டுத் தொலைகாட்டிக்கு எட்டாது. ஆனால் இதே அளவீட்டை யாழ்ப்பாணத்து மொட்டைமாடி ஒன்றிலிருந்து செய்யலாம். அதற்கேற்றது எச்டி 189733. பிரகாச எண் 7.7 (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்), டம்பெல் நெபுலா என்ற வாயுமுகிலுக்குக் கிழக்கே நிலவின் அரை அகலத் தூரத்தில் இருக்கிறது. வியாழனைவிடச் சற்றுப் பெரிய வாயுக்கோள் ஒன்று 2.2 நாளுக்கொருமுறை அதைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு 2.4 வீத ஒளியை மறைக்கிறது. கொதிக்கும் கோள், உயிருக்கு இடமில்லை. முறையைக் கற்க இதைவிட நல்ல இலக்குக் கிடையாது. ஆடி, ஆவணி இரவுகளில் அது எங்கள் வானில் 77 பாகை உயரம்வரை ஏறும்.

எந்த இரவில் கடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் உண்டு. நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். ஆறு அங்குலத் தொலைகாட்டி, விண்மீனின் நகர்வைத் தொடர்ந்து தொலைகாட்டியைத் திருப்பும் மோட்டார் பூட்டிய துருவத் தாங்கி, ரோ (RAW) எனும் பதப்படுத்தாத கோப்பாகப் படமெடுக்கும் கமரா ஆகியவை வேண்டும். முதற் சிக்கல் தாங்கியிலேயே வரும்; அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் சாய்த்து நிறுத்த வேண்டும். துருவ நட்சத்திரம் இங்கே ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே நிற்கிறது, பனங்கூடல் மறைத்துவிடும். பல தாங்கிகள் அந்தளவு தாழ்வாகச் சாயவும் மாட்டா, சாய்த்தால் எதிர்நிறை முக்காலியின் காலில் இடிக்கும். விண்மீன் எப்பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதே வழி.

அடுத்தது குவியம். கூர்மையாகக் குவித்தால் ஒளி சில படப்புள்ளிகளில் மட்டும் விழுந்து நிரம்பி வழியும், அளவு கெடும். வேண்டுமென்றே சற்றுக் கலைத்து, ஒளியைச் சிறு வட்டமாகப் பரப்புங்கள். மிகப் பிரகாசமான புள்ளியும் கொள்ளளவில் பாதியைத் தாண்டாதபடி திறப்பு நேரத்தை அமையுங்கள். பிறகு குவியத்தைத் தொடவே கூடாது. கடப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்பே தொடங்கி, முடிந்து ஒரு மணித்தியாலம்வரை தொடருங்கள். முன்பின் இல்லாவிட்டால் எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல முடியாது. அதே படத்திலுள்ள இரண்டு மூன்று விண்மீன்களோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். மெல்லிய முகில் எல்லாவற்றையும் ஒருமிக்க மங்கவைக்கும், கோள் ஒன்றை மட்டுமே மங்கவைக்கும். வானை வடக்குத் தெற்காகப் பிரிக்கும் உச்சிக்கோட்டை விண்மீன் தாண்டும்போது தொலைகாட்டியைத் தாங்கியின் மறுபக்கம் புரட்டினால், விண்மீன் கமராவின் வேறிடத்தில் விழுந்து, ஒளி வரைபில் பொய்யான ஏற்ற இறக்கம் தோன்றும். சோளகக் காற்றுக்கு மறைப்புக் கட்டுங்கள்.

வரைபின் ஆழம் கோளின் பருமனைத் தரும். இரு கடப்புகளுக்கு இடைப்பட்ட காலம் தூரத்தைத் தரும். தூரமும் விண்மீனின் வெப்பமும் சேர்ந்து கோளின் வெப்பநிலையை உத்தேசமாகச் சொல்லும். செய்திகளில் ‘வாழ்தகு கோள்’ என்று எழுதப்படுவதற்குப் பல வேளைகளில் இவ்வளவுதான் ஆதாரம், இது போதவே போதாது. இதே கணக்கைப் புவிக்குப் போட்டால் –18 பாகை செல்சியஸ் வரும். உண்மைச் சராசரி 15 பாகை. வெள்ளி தன் முகில்களால் பெரும்பகுதி ஒளியைத் திருப்பியனுப்புவதால் புவியைவிடக் குறைந்த வெப்பத்தையே உள்வாங்குகிறது. ஆனால் தரையில் 465 பாகை. வித்தியாசம் முழுவதும் வளிமண்டலத்தால் வந்தது.

ஆகவே உண்மையான தேடல் வளிமண்டலத்தைத் தேடுவதுதான். செங்குறளிகளின் வெடிப்புகள் அதை அரித்துவிடக் கூடும். டிராப்பிஸ்ட்-1 இன் மிக உள்ளே இருக்கும் ‘பி’ கோள் விண்மீனின் பின்னால் மறையும்போது எவ்வளவு வெப்பக்கதிர் இழக்கப்படுகிறது என்று ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அளந்தது. 2023 இல் வெளியான விடை: பகற்பக்கம் ஏறத்தாழ 230 பாகை. அடர்ந்த வளிமண்டலம் இருந்திருந்தால் வெப்பம் இரவுப் பக்கத்துக்கும் பரவி, இது இவ்வளவு சூடாகியிராது.

‘ஈ’ கோளில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. கடப்பின்போது வளிமண்டலத்தினூடாக வரும் ஒளியின் நிறமாலையில் நீராவியின் தடத்தைத் தேட வேண்டும். ஆனால் இவ்வளவு குளிர்ந்த விண்மீனில் நீராவி அதன் மேற்பரப்பிலேயே இருக்கலாம். அதன் தடம் கோளினதுபோலத் தோன்றும். இதற்காகவே ‘பி’யும் ‘ஈ’யும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளைத் தேர்ந்து அளக்கிறார்கள். வளியற்றதாகக் கருதப்படும் ‘பி’யில் தெரிவது விண்மீனின் தடம்; அதை ‘ஈ’யின் நிறமாலையிலிருந்து கழித்தபின் மிஞ்சுவதைத்தான் கோளின் கணக்கில் எழுதலாம்.