ஆர்க்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்: புதிய லைப்ரரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை

குமரி மாவட்டத்தில் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஓய்வில்லாத காலம். கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் கீத ஆராதனை, ஆண்டிறுதி ஆராதனை என்று அடுத்தடுத்து வரும் நிகழ்ச்சிகளுக்காக மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் பகுதிப் பாடகர் குழுக்கள் புதிய பாடல்களைப் பதிவு செய்கின்றன. அவற்றுக்கு இசைக்கோவை எழுதும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஒரு மடிக்கணினியையும் ஒரு மிடி கீபோர்டையும் வைத்துக்கொண்டு, முழு ஆர்க்கெஸ்ட்ராவையும், உண்மையான கருவிகளின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து தொகுத்த சாம்பிள் லைப்ரரிகளாலேயே உருவாக்குகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் புராஜெக்ட்டுகளைத் திறந்து மிக்ஸிங் செய்து கொடுப்பது என் தொழில். மெட்டும் நன்றாக இருந்து, நான்கு குரல் ஒத்திசைவும் சரியாக எழுதப்பட்டிருந்தும், கேட்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா உயிரில்லாமல் இருந்தால், அதற்குக் காரணம் லைப்ரரி மலிவானது என்பதாக அநேகமாக இருப்பதில்லை. எழுதத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய டெம்ப்ளேட் வேலை முடிக்கப்படாததே காரணமாக இருக்கிறது. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஒவ்வொரு கருவிக்கும் ட்ராக் திறந்து, அதற்குரிய ஒலியை ஏற்றி, அதன் ஒலி அளவு, மேடையில் அதன் இடம், ரிவெர்ப் (எதிரொலி), எந்த பஸ் (பல ட்ராக்குகளின் ஒலி ஒன்றுசேரும் தடம்) வழியாக வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து, ஒரு ஸ்வரம்கூட எழுதாமல் சேமித்து வைக்கும் புராஜெக்ட்டைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். க்யூபேஸ், லாஜிக், ரீப்பர் ஆகிய மூன்று இசைப்பதிவு மென்பொருள்களிலுமே இதற்கான வசதி உண்டு. வுட்விண்ட் (குழல் கருவிகள்) மேலே, பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) அடுத்து, பெர்கஷன் (தாளக் கருவிகள்), ஹார்ப், கடைசியில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்பம்) என்ற ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரின் (இசைக்குறிப்புத் தாளின்) வரிசையிலேயே ட்ராக்குகளை அடுக்குவது நல்லது. பின்னாளில் ஸ்கோர்களை வாசிக்க நேரும்போது கண் அந்த வரிசைக்குப் பழகியிருக்கும்.

நினைவகக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 288 கிலோபைட் இடம் பிடிக்கும். எட்டு நொடி நீளமுள்ள ஒரு வயலின் ஸ்வரத்தை, மெல்லியதில் தொடங்கி உரத்தது வரை நான்கு அடுக்குகளாகப் பதிவு செய்தால் 9 மெகாபைட்டைத் தாண்டும். அப்படி இருபது ஸ்வரங்களுக்கு 184 மெகாபைட். கருவிக்கு அருகிலும் தொலைவிலும் மைக் வைத்துப் பதிந்த மூன்று மைக் நிலைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 550 மெகாபைட். முதல் வயலின் பிரிவின் ஒரே ஒரு ஆர்ட்டிகுலேஷனுக்கே (வாசிப்பு முறைக்கே) இவ்வளவு. இதை முழுதாக ரேமில் ஏற்றக் கட்டுப்படியாகாது என்பதால், கான்டாக்ட் போன்ற சாம்பிளர்கள் (லைப்ரரிகளை இயக்கும் மென்பொருள்கள்) ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கப் பகுதியை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும் நேரத்திலேயே வட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நான்கு ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு கார்டை, நான்கு அடுக்குகளும் மூன்று மைக்குகளும் திறந்திருக்கப் பிடித்தால், 48 கோப்புகளை ஒரே நேரத்தில் படிக்க வேண்டியிருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒரு நொடியில் ஏறத்தாழ நூறு இடங்களுக்குத்தான் தாவ முடியும். ஸ்ட்ரிங்ஸ் பிரிவு ஐந்தும் சேர்ந்து வாசித்தால் அது திணறி, ஒலி அறுந்து அறுந்து வரும். ஆகவே, பணம் செலவழிப்பதாக இருந்தால் புதிய லைப்ரரிக்கு முன் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். மைக் நிலைகளில் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். கான்டாக்டில் உள்ள பர்ஜ் வசதியைப் பயன்படுத்தினால் நீங்கள் வாசிக்கும் ஸ்வரங்கள் மட்டுமே ரேமுக்கு வரும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் முப்பது ட்ராக்குகளுக்குள் டெம்ப்ளேட்டை நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. ஒரு கீர்த்தனைக்கோ குறும்படத்துக்கோ அதுவே தாராளம்.

அடுத்தது ஒலிச் சமநிலை. நான் மிகுந்த கவலையோடு சொல்ல விரும்பும் பகுதி இதுதான். லைப்ரரி தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கருவியையும் தனியே கேட்கும்போது தெளிவாக இருக்கும்படி அளவு உயர்த்தி வெளியிடுவது வழக்கம். அதனால் ஏற்றியவுடன் கேட்டால் ஒற்றைப் புல்லாங்குழலும் மூன்று ட்ரம்பெட்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் ஒலிக்கும். அந்த அளவுகளை நம்பி எழுதுபவர், ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயியில் மெட்டைக் கொடுத்து, அதன் மேல் பிராஸ் முழுவதையும் உரக்க வாசிக்க விடுவார்; கணினியில் அது கேட்கவும் செய்யும். நேரில் எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலும் அந்தக் குழல் கேட்காது. கேட்பவருக்கு இன்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், எங்கோ செயற்கையாக இருக்கிறது என்பது உடனே புலப்பட்டுவிடும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: உரக்க வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட் அல்லது ட்ரோம்போனின் பலம் இரண்டு ஹார்ன்களுக்குச் சமம், ஒரு ஹார்னின் பலம் இரண்டு ஃப்ளூட் அல்லது இரண்டு கிளாரினெட்டுக்குச் சமம். மெல்ல வாசிக்கும்போதோ இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே பலத்தில் நிற்கும். டெம்ப்ளேட்டைச் சமன் செய்ய இந்தக் கணக்கைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. பாடகர் குழுவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல் நன்றாகவே தெரியும். அத்தகைய நான்கு குரல் கார்டு ஒன்றை முதலில் ஸ்ட்ரிங்ஸில் வைத்து, மாட் வீலை (கீபோர்டில் வாசிப்பின் பலத்தை மாற்றும் சக்கரம்) அதன் 0 முதல் 127 வரையான அளவில் 64-இல் நிறுத்தி, கேட்க இதமான ஓர் அளவை முடிவு செய்யுங்கள். பிறகு அதே கார்டை, அதே மாட் வீல் நிலையில் ஹார்ன், ட்ரோம்போன், வுட்விண்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று மற்றொன்றை அமுக்காதபடி அளவைக் குறையுங்கள். அதன்பின் மாட் வீலை 127-க்கு ஏற்றிப் பாருங்கள். அங்கே பிராஸ் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு எழ வேண்டும். எழவில்லை என்றால் மற்றவை இன்னும் குறைய வேண்டும் என்று பொருள். எல்லாக் கருவிகளும் முழு பலத்தில் வாசிக்கும்போது மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேரும் இறுதி ட்ராக்கில்) உச்சம் கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஒரு நாள் முழுதும் இதற்கு ஒதுக்கினாலும் தகும். இதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு பாடலிலும் அந்த ஒரு நாளின் உழைப்பு பலன் தரும்.

மாட் வீலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் சி.சி. 1 என்ற மிடி கட்டளை எண் கொண்ட மாட் வீல், கருவியை அழுத்தி வாசித்த அடுக்குக்கும் மெல்ல வாசித்த அடுக்குக்கும் இடையே மாற்றுகிறது. ஒலியின் நிறமே மாறும். சி.சி. 11 ஆகிய எக்ஸ்பிரஷன், ஒலி அளவை மட்டுமே கூட்டிக் குறைக்கும். எக்ஸ்பிரஷனால் மட்டும் உயர்த்தப்பட்ட ட்ரம்பெட், மெல்ல ஊதியதைப் பெருக்கிக் காட்டியதாகவே இருக்கும். இரண்டையும் இரண்டு ஃபேடர்களுக்கு ஒதுக்கி, இரண்டு விரல்களால் சேர்த்து இயக்கப் பழகுங்கள்.

தாளத்தைக் குலைக்கும் தாமதம் பலரும் அறியாத மற்றொரு சிக்கல். ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கும் லெகாட்டோ பேட்ச்களில் (ஒலி அமைப்புகளில்) ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் ஓசையும் பதிவாகியிருப்பதால், விசையை அழுத்திய பிறகு இலக்கு ஸ்வரம் நிலைகொள்ள 100 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகலாம். டெம்போ 90-இல் ஒரு பதினாறாம் ஸ்வரத்தின் நீளமே 167 மில்லி விநாடிதான். அதாவது, திரையில் தாளத்தைக் காட்டும் கட்டத்தில் சரியாக வைத்த வயலின் ஒரு பதினாறாம் ஸ்வர அளவுக்குப் பின்தங்கிக் கேட்கலாம். அண்மையில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்துமஸ் பாடலில், வயலின் இழுக்கிறது என்று உணர்ந்த இளைஞர், ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் முன்னே நகர்த்தியிருந்தார். இரண்டாம் சரணத்தில் டெம்போவை மாற்றச் சொன்னபோது அத்தனையும் இடம் பிசகிவிட்டன. ட்ராக் டிலே என்ற அமைப்பில் கழித்தல் மதிப்பு ஒன்றைக் கொடுத்தால் ஸ்வரங்கள் கட்டத்திலேயே இருக்கும், ஒலி மட்டும் முன்கூட்டியே புறப்படும். எவ்வளவு கொடுப்பது என்று அறிய, மெட்ரோனோமோடு ஒரே ஸ்வரத் தொடரை ஆடியோவாக மாற்றி, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கட்டக் கோட்டுக்கும் ஒலி முழுமை பெறும் இடத்துக்கும் உள்ள தொலைவை அளந்து பாருங்கள். துண்டு துண்டாக வாசிக்கும் ஸ்டக்காட்டோவின் தாமதம் வேறு, லெகாட்டோவின் தாமதம் வேறு என்பதால், நீண்ட ஸ்வரங்களுக்கு ஒரு ட்ராக், குறுகியவற்றுக்கு ஒரு ட்ராக் என்று பிரித்து வைப்பதே வசதி. எல்லாவற்றையும் ஒரே ட்ராக்கில் கீ ஸ்விட்ச்சால் (வாசிப்பு முறையை மாற்றும் விசையால்) மாற்றுவது பார்வைக்குச் சுருக்கமாக இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெவ்வேறு நிறுவனங்களின் லைப்ரரிகளைக் கலப்பதில் நிதானம் தேவை. ஒன்று லண்டனின் ஏர் லிண்ட்ஹர்ஸ்ட் ஹாலில் நீண்ட எதிரொலியோடு பதிவாகியிருக்கும். மற்றொன்று எதிரொலி மிகக் குறைந்த ஸ்டுடியோவில் பதிவாகியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வயலின் ஒரு கட்டடத்திலும் செல்லோ மற்றொரு கட்டடத்திலும் அமர்ந்திருப்பதாகத் தோன்றும். ஒரே லைப்ரரியை அடித்தளமாகக் கொண்டு, இல்லாததை மட்டும் வெளியிலிருந்து சேர்ப்பதே தொடக்க நிலையில் சரி. ஸ்பிட்ஃபயர் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர் ஏறத்தாழ 200 மெகாபைட்தான். ஆயினும் ஆர்க்கெஸ்ட்ராவின் எல்லாப் பிரிவுகளும் ஒரே அரங்கில் பதிவானவை என்பதால், கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

நம் இசைக்கென்று டெம்ப்ளேட்டில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மேலைநாட்டு லெகாட்டோ பேட்ச்கள் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவுவதற்காகப் பதிவானவை. அவற்றில் கமகம் இல்லை. சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் கொண்டு வளைத்தால், சாம்பிளுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் அரங்கத்தின் எதிரொலியும் சேர்ந்து வளைகிறது. கருவி நெளியும்போது கட்டடமும் நெளிவது காதுக்கு ஒவ்வாது. தோடி போன்ற ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு இந்த முயற்சியே வேண்டாம். முன்னணி வயலினை ஒரு கலைஞரைக் கொண்டு நேரில் வாசிக்கச் செய்து, அதன் பின்னால் சாம்பிள் ஸ்ட்ரிங்ஸை வையுங்கள். ஒற்றை உயிருள்ள வயலின், பின்னிருக்கும் பிரிவு முழுவதையும் உண்மையாக்கிக் காட்டும். நாதஸ்வரத்தின் சுருதி கருவியிலேயே நிலைத்திருப்பது என்பதால், கலைஞர் ஊதிக் காட்டிய பிறகு சாம்பிள்களின் சுருதியைச் சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் அதற்கு இணங்க மாற்றுவதே மரியாதையும் நடைமுறையும் ஆகும். வில்லுப்பாட்டின் உடுக்கை, குடம், கோயில் விழாக்களின் செண்டை ஆகியவற்றை வாசிப்பவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவற்றுக்கு வெற்று ஆடியோ ட்ராக்குகளை டெம்ப்ளேட்டிலேயே திறந்து வைத்திருந்தால், அவர்களை அழைக்க வேண்டும் என்ற நினைவும் தானாக வரும்.

பஸ் அமைப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், வுட்விண்ட், பெர்கஷன், குரல் என்று பிரிவுக்கு ஒரு பஸ் இருந்தால், பாடகர் குழு மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத இசை) கேட்கும் நாளில் குரல் பஸ்ஸை மட்டும் நிறுத்திக் கொடுத்துவிடலாம்.

லைப்ரரிகளை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கைமாற்றும் வழக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உரிமம் வாங்கியவர் அந்த ஒலிகளைக் கொண்டு எத்தனை பாடலும் அமைத்து விற்கலாம். லைப்ரரியை மட்டும் பிறருக்குக் கொடுக்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி-யின்படி, சட்டவிரோத நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பூட்டை உடைத்து வெளியிடப்படும் மென்பொருளோடு வைரஸ் வந்து சேர்வதும், அடுத்த அப்டேட்டில் டெம்ப்ளேட் திறக்காமல் போவதும் நடைமுறையில் அதைவிட அடிக்கடி நிகழ்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் தரமான ஒலிகள் இன்று போதுமான அளவு இருக்கும்போது, அந்த வழியில் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடைசியாக, பாதுகாப்பு. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது; இடியும் மின்வெட்டும் நமக்குப் புதியவை அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கணினி அணைந்துவிடக்கூடும் என்பதால் கணினிக்குத் தனி யு.பி.எஸ். வையுங்கள். இடி முழங்கும் மாலைகளில் மின் இணைப்பை மட்டுமின்றி, மோடத்திலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். டெம்ப்ளேட் கோப்பு சில மெகாபைட்தான். அதைக் கிளவுடில் வைத்துக்கொள்ளலாம். லைப்ரரிகளோ அப்படியல்ல. 500 ஜிகாபைட்டை 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் மீண்டும் இறக்க, இடைவிடாமல் ஓடினாலும் 22 மணி நேரம் தேவைப்படும். எனவே அவற்றை வேறொரு வட்டில் நகலெடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். கடலோர ஊர்களில் அந்த வட்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது அவசியம். உரிமங்கள் எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளன, எந்த லைப்ரரி எந்தப் பதிப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி அந்த டப்பாவிலேயே போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்தே டெம்ப்ளேட்டைத் திறந்து, எல்லாச் சாம்பிள்களும் குறையின்றி ஏறுகின்றனவா என்று சரிபாருங்கள்.